சத்தம் இல்லாத இருபத்தைந்து நிமிடம்

கபிரியேல் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு தாளுக்காக. அதை எழுதியது நான். எதற்காக எழுதினாய் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்டபோது என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பேச வராதது எழுதினால் வரும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில், பெரிய வீதியை ஒட்டி அண்ணனுக்கு ஒரு ஸ்பைஸ் கார்டன் இருந்தது. அரை ஏக்கர்கூட வராது. முன்னால் கடை, பக்கத்தில் கறுவாப் பட்டை உரிக்கிற கொட்டகை, பின்னால் ஏலம், மிளகு, சாதிக்காய், நாலு வனிலாக் கொடி. சீகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களின் வேன்கள் வழியில் நிற்கும். அண்ணன் ஒவ்வொரு மரமாகக் காட்டி இங்கிலீஷில் கதை சொல்வார். அவருடைய மனைவி மரியாயி அக்கா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். போகும்போது அவர்கள் நாலு போத்தல் எண்ணெயும் கொஞ்சம் கறுவாவும் வாங்கிப் போவார்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அண்ணன் என்று கூப்பிட்டாலும் அவரிடம் நான் சம்பளத்துக்குத்தான் இருந்தேன், கடையின் உள்அறையில் இருந்து பைக்கற்றுகளுக்கு லேபல் ஒட்டினேன். வேன் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வடக்குகிழக்கில் மறுபடியும் சண்டை தொடங்கிய பிறகு வேன்கள் குறைந்தன. 2008இல் கிழமைக்கு ஒரு வேன் வந்தால் பெரிய காரியம். அந்த வருடம்தான் ஹெல்கா என்ற ஜெர்மன் அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. சண்டை இல்லாத வருடத்தில் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர். தன் ஊரில் இரண்டு கடைக்காரர்கள் இதையெல்லாம் வாங்க ஆசைப்படுகிறார்கள், ஆனால் அவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை, இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போடுங்கள், நீங்கள் பேசுகிறதை வீடியோவாகப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்.

அண்ணன் அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"வெப்சைட் போடப் போறேன்" என்றார் நாலாம் நாள்.

"போட்டா மட்டும் வெள்ளக்காரன் வந்துருவானாக்கும்" என்றாள் அக்கா.

"வரச் சொல்லல மரியாயி. இருந்த எடத்துல இருந்தே வாங்கச் சொல்றேன்."

"அப்ப இஞ்சித் தேத்தண்ணிய எப்படி அனுப்புறது? வயர்லயா?"

கொழும்பில் ஒரு கம்பனியிடம் விசாரித்தார்கள். அவர்கள் படம் எடுக்க, வீடியோ எடுக்க, குரல் பதிய என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "பக்கத்த மட்டும் கண்டியில கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருத்தர் செஞ்சு தர்றேங்கிறாரு. படம், வீடியோ, குரலு எல்லாம் நாமளே எடுத்துக் குடுத்தா போதும். மூணு பேர் இருக்கோம்ல" என்றார். மூன்றாவது ஆள் நான் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

முதலில் படங்கள். அக்காவின் தங்கை குவைத்திலிருந்து அனுப்பிய சின்னக் கேமரா ஒன்று இருந்தது. முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இது மிளகாம். ஆட்டுப் புழுக்கைன்னு எழுதிப் போடுங்க, பொருத்தமா இருக்கும்."

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் மிளகை வெள்ளைப் படுக்கை விரிப்பில் பரப்பி எடுத்தோம். பிறகு பெரிய கண்டம் என்ற தேயிலைத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் உள்ளே இருக்கிற வெள்ளித் தாளை உரித்து ஒரு மட்டையில் ஒட்டி என் கையில் கொடுத்தார். காலை எட்டரை மணி வெயிலை அந்தத் தாளில் வாங்கி, நிழல் விழுகிற பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அதுதான் என் வேலை. கை ஆடாமல் பிடித்தால் மிளகின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. சாதிக்காயைப் பிளந்து வைத்து, உள்ளே கொட்டையைச் சுற்றியிருக்கிற சிவப்பு வசவாசி தெரிய எடுத்த படத்தைப் பார்த்து அண்ணன், "இதுக்கே அந்தக் கொம்பனிக்காரன் அழுவான்" என்றார். நான் அன்று வீட்டுக்குப் போய் என் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதினேன்.

கொப்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் எழுதி வந்தேன். எல்லாமாக ஏழு கொப்பி. நானும் அம்மாவும் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், கண்டது, கேட்டது, யார் யாரோடு சண்டை, யார் வீட்டுக்கு யார் வந்தது, எல்லாம் அதில் இருந்தது. வன்னியிலிருந்து தப்பி வந்து, பொலிஸில் பதியாமல் எங்கள் லயத்தின் கடைசி அறையில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றியும் இருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

படங்கள் முடிந்ததும் வீடியோ. மாத்தளை டவுனில் கலியாண வீடியோ எடுக்கிற ஜைனுதீன் நானாவிடம் அண்ணன் போனார். அது செப்டம்பர், நோன்பு மாதம். நோன்பில் கலியாணம் இல்லை, கேமரா சும்மா கிடக்கும். அதனால் ஒரு கிழமைக்குக் கொஞ்சக் காசுக்கே கொடுத்தார். அவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியும் கொடுத்தார். கேமராவின் முன்னால் இருக்கிற மைக்குக்கு அண்ணனின் கம்பளித் தொப்பியைப் போட்டு மூடச் சொன்னவரும் அவர்தான். காற்றுச் சத்தம் அடங்கும் என்றார்.

"படம் மங்கலா ஈந்தாலும் ஆள்கள் பாப்பாங்க தம்பி. சத்தம் மோசமா ஈந்தா அந்த நிமிசமே மூடிருவாங்க. நான் எத்தன கலியாணம் எடுத்தீக்கேன். சத்தத்தத்தான் பாத்துக்கோங்க."

அவர் சொன்னது சரி. அதுதான் எங்களை மாட்டிவிட்டது.

கறுவா உரிக்கிற கொட்டகை வீதியிலிருந்து பதினைந்து அடிதான் இருக்கும். ஹெல்கா அம்மா கறுவா உரிக்கிறதைத்தான் முக்கியமாகக் கேட்டிருந்தார். வேறு இடத்துக்கு அந்தப் பலகையையும் கட்டைகளையும் கொண்டுபோக முடியாது. அண்ணன் கத்தியைக் கையில் எடுத்து, "திஸ் இஸ் ட்ரூ சினமன், மை ஃப்ரெண்ட்ஸ்" என்று தொடங்குவார். நாவுல ஊருக்குப் போகிற பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். மறுபடி தொடங்குவார். தம்புள்ளை மரக்கறி லொறிகள் வரிசையாகப் போகும். மூன்றாம் தடவை பட்டை உரிந்து அழகாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. வவுனியாப் பக்கம் போகிற ஆமி ட்ரக்குகள் வந்தன. கடைக் கண்ணாடி அலுமாரியில் போத்தல்கள் அதிர்ந்தன. பிறகு கேட்டுப் பார்த்தபோது அண்ணனுடைய வாய் மட்டும் அசைந்தது.

"டவுன்ல ஒரு ரூம் எடுத்து குரல மட்டும் பதிஞ்சா என்னா?" என்றாள் அக்கா.

"அது காசு. அதோட கத்தி போற சத்தமும் பட்ட கிழியிற சத்தமும் வேணும். அது கேட்டாத்தான் வாசன வரும்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "கமலா, ஒனக்கு எழுதுறதுக்குப் புடிக்கும்தானே. ரெண்டு மூணு நாள் கடை வாசல்ல இருந்து, எந்த நேரத்துல என்ன வண்டி போகுதுன்னு எழுதிக் குடேன். எந்த நேரத்துல வீதி சும்மா கெடக்குதுன்னு பாப்பம்."

நான் எழுதுவது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சூடாகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. எனக்கென்று யாரும் எழுத்து வேலை தந்தது அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் எழுதினேன். கதவிடுக்கில் ஸ்டூலைப் போட்டு, மடியில் ஏழாவது கொப்பியை வைத்து, கடைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். "6.20 நாவுல பஸ், ஹோர்ன். 6.35 மரக்கறி லொறி மூன்று. 7.10 ஸ்கூல் வேன். 8.25 ஆமி ட்ரக் ஐந்து, பின்னால் ஜீப் ஒன்று." கூடுதலாகச் சத்தம் போடுகிற வண்டிகளைச் சிவப்புப் பேனையால் எழுதினேன். மற்றவை நீலம். எல்லாவற்றையும்விடச் சத்தம் போட்டது ஆமி ட்ரக்குகள்தான். மூன்று நாளையும் ஒப்பிட்டுப் பார்த்து, நல்ல தாள் ஒன்றில் அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்டு, ஒரு பட்டியலாக எழுதினேன். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று ஐந்து வரை மூன்று நாளும் பெரிய வண்டி ஒன்றும் போகவில்லை. அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அடுத்த பக்கங்களில், அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் எதை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். முதலில் கறுவா, பிறகு கிராம்பு, கடைசியில் அக்காவின் கை எண்ணெய் ஊற்றுவது. பட்டியல் இருந்த தாளை மட்டும் கிழித்து அண்ணனிடம் கொடுத்தேன்.

"அடேயப்பா, ஸ்டேசன் மாஸ்டர் மாதிரி எழுதியிருக்கியே" என்றார். தாளை நாலாக மடித்துக் கேமராப் பையின் பக்க அறையில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சண்டை நடக்கிற நாட்டில், தமிழ் ஆள் ஒருவர், ஆமி வண்டி போகிற நேரங்களை எழுதிய தாளை வீடியோக் கேமராவோடு ஒரே பையில் வைக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது சத்தம். சத்தத்தின் பட்டியல்.

மறுநாள் பத்து நாற்பதுக்கு வீதி சொல்லிவைத்ததுபோல் அடங்கியது. அக்கா கேமராவைப் பிடித்தாள். நான் வெள்ளித் தாளைப் பிடித்தேன். அண்ணன் பேசினார். கத்தி பட்டைக்குள் போகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு செம்பகப் பறவை கத்தியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கிராம்பு முடிந்து அக்காவின் கை எண்ணெய் ஊற்றி முடிக்க மணி பதினொன்று மூன்று. சின்னத் திரையில் போட்டுப் பார்த்தோம். அண்ணனுடைய குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

"நீங்களா இது?" என்றாள் அக்கா. "வீட்டுல ஒரு நாளும் இவ்வளவு மரியாதையா பேசுனதில்லையே."

பின்னேரமே அண்ணன் மாத்தளைக்குக் கிளம்பினார். நானாவிடம் கேமராவைத் திருப்பிக் கொடுத்து, கசெட்டை சீடியாக மாற்றி, அடுத்த நாள் கண்டிக்குப் போவதாக ஏற்பாடு. நாலு மணி பஸ்ஸில் ஏறினார். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் இருந்தார்.

அன்று அவர் வரவில்லை.

அடுத்த நாள் காலை ஜைனுதீன் நானா முச்சக்கர வண்டியில் வந்தார். நோன்பு வைத்த வாய், உதடு காய்ந்திருந்தது. அக்காவை உள்ளே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். டவுனுக்கு முன்னால் செக் பொயிண்டில் எல்லாரையும் இறக்கிப் பைகளைப் பார்த்திருக்கிறார்கள். கேமராவைக் கண்டு அண்ணனைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு பக்க அறையைத் திறந்திருக்கிறார்கள். கண்டக்டர் நானாவுக்குத் தெரிந்தவர், அவர் வந்து சொன்னது இவ்வளவும்.

"என்னமோ ஒரு தாளாம் தங்கச்சி. ஆமி போற வார நேரமெல்லாம் எழுதி ஈந்திச்சாம். செகப்பு மையில. அப்படி ஒரு தாள் எப்படி வந்திச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"ஒங்க கேமரா..." என்றாள் அக்கா.

"கேமராவ விடுங்க. ஆள் வரட்டும்."

அக்கா கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வேதக்கோயில் உபதேசியார் ஸக்கரியா ஐயாவையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அண்ணனைக் காட்டவில்லை. தாளைக் காட்டினார்களாம். யாருடைய எழுத்து என்று அண்ணனிடம் கேட்டதற்கு அவர், என் எழுத்து என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

திரும்பி வந்து அக்கா கடைப் படியில் உட்கார்ந்தாள். "அவரு எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். இது அச்சு மாதிரி இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒன்னைய காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் தன்னோட எழுத்துன்னு சொல்லியிருக்காரு. நானும் வாயத் தொறக்கல." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ஏழாவது கொப்பி என்னிடம் இருந்தது. அதில் மூன்று நாளும் எழுதிய பக்கங்கள் இருந்தன. பட்டியல் கிழித்த இடத்தில் காகிதத்தின் மிச்ச விளிம்பு இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், எதை எப்போது எடுக்க வேண்டும் என்ற வரிசை இருந்தது. கறுவா, கிராம்பு, அக்காவின் கை. கிழிந்த தாளை அந்த விளிம்போடு பொருத்திப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். அண்ணனை விட்டுவிடுவார்கள். அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, நான்தான் எழுதினேன் என்று சொன்னால் போதும்.

நாலு நாள் நான் போகவில்லை.

காரணம் சொல்லப் பார்க்கிறேன். அந்தக் கொப்பியிலேயே கடைசி அறைக் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்தால் ஏன் கிழித்தாய் என்று கேட்பார்கள். இது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. பொலிஸ் ஸ்டேசன் வாசலில் நின்று, ஒரு மேசைக்கு முன்னால், ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து பேச வேண்டும். அதை நினைத்தாலே வகுப்பில் எழுந்து நின்றதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் நாளைக்குப் போவோம் என்று நினைத்தேன். அண்ணன் உள்ளே இருந்த அந்த நாலு நாளும் நான் இப்படித்தான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்தபோது எங்கள் அறை முழுக்கப் புகை. அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அம்மாவின் பெயர் சுந்தரம்மா, கொழுந்து எடுக்கிறவள், ஒரு எழுத்தும் தெரியாது. ஏழு கொப்பியையும் ஒவ்வொரு தாளாகக் கிழித்துத்தான் எரித்திருந்தாள். மட்டைகள் மட்டும் மிச்சம்.

"ஏம்மா?"

"வீடு வீடா தேடப் போறாங்களாம். காலையில மஸ்டர்ல பேர் குடுக்கிறப்ப பேசிக்கிட்டாங்க. எழுதுன கடுதாசிக்குத்தான் அந்த மனுசன புடிச்சாங்களாம். எங்கிட்ட இருக்கிறது நீ ஒருத்திதான்டி."

"அதுல அண்ணன காப்பாத்துற பக்கம் இருந்திச்சு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். கையை விட்டு எதையோ எடுக்கப் போனாள். நான் பிடித்து இழுத்தேன். கறுத்த தாள் ஒன்று அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்து தூளாகப் போனது.

அடுத்த நாள் போனேன். எல்லாம் போன பிறகுதான் எனக்குப் போக வந்தது. அக்காவும் ஸக்கரியா ஐயாவும் கூட வந்தார்கள். அக்கா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, "உண்மையச் சொன்னா விட்ருவாங்களோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார். ஸக்கரியா ஐயா சிங்களத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வெப்சைட், வீடியோ, பஸ் சத்தம். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். எழுதிக் காட்டச் சொன்னார்.

எழுதுவது எனக்குச் சுலபம். நான் அந்தப் பட்டியலை நினைவிலிருந்து எழுதினேன். ஆறு இருபதிலிருந்து தொடங்கி, ஒன்றும் விடாமல், கோடு போட்டு. எழுத எழுத மனம் லேசானது. இதைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நேரங்களையும் ஒப்பிட்டுத் தலையசைத்தார்.

அதிகாரி சொன்னதை ஸக்கரியா ஐயா மெதுவாக எனக்குத் தமிழில் சொன்னார். "பாக்காம எப்படி இவ்வளவும் மனப்பாடமா எழுதுனேன்னு கேக்கிறாரு. யாரு பழக்குனதுன்னு கேக்கிறாரு." அதிகாரி இன்னொன்றும் சொன்னார். "கபிரியேல் மூணு தரம் தன்னோட எழுத்துன்னு கையெழுத்து வச்சிருக்காராம். மறைக்க ஒண்ணும் இல்லாத ஆளு எதுக்குப் பொய் சொல்லணும்னு கேக்கிறாரு."

"கசெட்டப் பாக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள் அக்கா. "அதுல கறுவா உரிக்கிறதுதானே இருக்கு."

"பாத்தாங்களாம். ஒருத்தன் கறுவாவப் பத்திப் பேசுறான், பின்னால மெயின் ரோட்டு தெரியிதுன்னு சொல்றாரு."

அதிகாரி என்னிடம் நேராகச் சிங்களத்தில் கேட்டார். பட்டியலைக் கிழித்த கொப்பி எங்கே. அந்த அளவு சிங்களம் எனக்கு விளங்கும். ஸக்கரியா ஐயா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டவுடனே, அவருடைய சிங்களத்திலேயே, தெளிவாக, சத்தமாக.

"அம்மா பிச்சுவா."

அம்மா எரித்துவிட்டாள்.

ஸக்கரியா ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். அதுவரைக்கும் அவர் ஒன்றும் எழுதவில்லை.

என்னை வைத்துக்கொள்ளவில்லை. வயதுக்காகவோ, உபதேசியாரின் முகத்துக்காகவோ தெரியாது. நாலு பக்கச் சிங்களத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அன்று இரவே லயத்துக்கு வந்து தேடினார்கள். அடுப்புச் சாம்பலைக் கூடக் கிளறிப் பார்த்து ஒரு பையில் எடுத்தார்கள். கடைசி அறைக் குடும்பம் நாங்கள் திரும்பி வருவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. மறுகிழமை அண்ணனைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாட்சியங்களை அழித்தது என்று ஒன்றும், உண்மையை மறைத்தது என்று ஒன்றும் அவர் மேல் குற்றமாகச் சேர்ந்திருப்பதாக அக்கா பிடித்த லோயர் சொன்னார். முதலில் ஒரு தாள் மட்டும்தான் இருந்தது. நான் போய்ப் பேசியதால்தான் மற்றவை வந்தன.

அன்று பொலிசிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ முதல் நாளே வந்திருக்கணும். இல்லாட்டி வராமலே இருந்திருக்கணும்."

கண்டிக் கம்ப்யூட்டர்க்காரர் படங்களை வைத்து அக்டோபரில் பக்கத்தைப் போட்டார். அக்காவும் நானும் டவுனில் ஒரு கடையில் போய்ப் பார்த்தோம். மிளகு, பிளந்த சாதிக்காய், கறுவாக் கட்டு, எல்லாம் அழகாக இருந்தது. நடுவில் வீடியோவுக்கென்று விட்ட இடம் சாம்பல் நிறச் சதுரமாக இருந்தது. ஹெல்கா அம்மா ஒரு தடவை எழுதினார், அந்த வீடியோ எப்போது வரும், கடைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று. அக்கா பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. பிறகு அவர் எழுதவில்லை.

ஜனவரியில்தான் அக்காவை அண்ணனைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பத்து நிமிடம். அண்ணன் பாதியாகிவிட்டிருந்தார். இடது கையை மேசைக்கு மேலே எடுக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி லோயரைப் பற்றி இல்லை.

"வீடியோ போட்டாச்சா? சத்தம் தெளிவா கேக்குதா?"

"போட்டாச்சு. கேக்குது" என்று சொல்லிவிட்டாள் அக்கா.

கடைக்கு வந்து எனக்கு அதைச் சொல்லும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். மூன்று மாதத்துக்கு மேலான பிறகு அன்றுதான் என்னோடு சரியாகப் பேசினாள். "அதக் கேட்டதும் அந்த மூஞ்சி எப்படி இருந்திச்சு தெரியுமா? அந்த எடத்துல நான் வேற என்னத்தச் சொல்ல. அடுத்த தரம் யாரு வாங்குனாங்கன்னு கேப்பாரு. எனக்கு ஒண்ணும் சோடிச்சுச் சொல்ல வராது கமலா. நீ எழுதிக் குடு. நான் பாடமாக்கிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஹெல்கா அம்மாவின் ஊரில் ஒரு கடை முப்பது கட்டு கறுவா கேட்டிருக்கிறது. நோர்வேயில் ஒரு டீச்சர் ஏலக்காய் வாங்கியிருக்கிறார், நீங்கள் பேசுகிறது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் பிரான்சில் ஒரு ஓட்டல். அளவுகளையும் பொருத்தமாகப் போட்டேன், எங்கள் தோட்டத்தில் விளைகிறதைவிடக் கூடாமல், அவர் சந்தேகப்படாமல். எனக்கு இது நன்றாக வந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் நன்றாக வந்தது. அக்கா ஒவ்வொரு மாதமும் போய் ஒப்புவித்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் அக்கா வெறும் முகத்தோடு திரும்பி வந்தாள். அண்ணனுக்குச் சந்தோஷமாம். உள்ளே இருக்கிற மற்றவர்களிடமும் தன் வெப்சைட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். எனக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னாராம்.

"அப்பறம் என்ன சொன்னாரு தெரியுமா? ஓடர் வர்ற நேரத்துல கடைய மூடிட்டு பஸ்ல அலையாதேங்கிறாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதுமாம். கறுவாவக் கட்டி அனுப்புற வேலையப் பாருன்னு சொல்றாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்னத்தச் சொல்ல? பொய்யின்னு சொல்லவா?"

அக்கா அவரை மாதம் ஒரு தடவை பார்க்கிற பத்து நிமிடத்தையும் நான் எழுதியே இல்லாமல் ஆக்கினேன்.

மே மாதம் சண்டை முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்தி, போகிற வருகிற எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். எங்களுக்கும் தந்தார்கள். அக்கா வாங்கிச் சாப்பிட்டாள். இனி விட்டுவிடுவார்கள் என்று ஸக்கரியா ஐயா சொன்னார். ஜூன் முடிந்தது. அண்ணனுடைய வழக்கு இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடப்படவில்லை.

நாளைக்கு அக்கா போகிறாள். மூன்று மாதத்துக்கான ஓடர்களை இன்றைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினொன்று எழுதியிருக்கிறேன். கறுவா உரிக்கிற கொட்டகையில் நின்று அவள் அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். ஒல்லாந்தில் ஒரு பேக்கரி, பதினைந்து கட்டு. கனடாவில் ஒரு நர்ஸ், ஆறு போத்தல். அவளுக்குத் தடுக்கிற இடத்தில் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.